ஏ அணிகளின் ஆசியக் கிண்ணம்: ஐம்பது ஓவரா, இருபது ஓவரா?

வளர்ந்துவரும் அணிகளுக்கான ஆசியக் கிண்ணம் 2013இல் சிங்கப்பூரில் தொடங்கியபோது ஐம்பது ஓவர் கிரிக்கெட் சுற்றுப்போட்டியாக இருந்தது. 2023இல் கொழும்பில் நடந்த ஐந்தாவது தொடர் வரை அப்படியே நீடித்தது. 2024இல் ஓமானில் அது இருபது ஓவராகச் சுருங்கியது. 2025இல் தோஹாவில் 'ரைசிங் ஸ்டார்ஸ்' என்று பெயர் மாறியபோதும் ஓவர் கணக்கு மாறவில்லை. தேசிய அணியின் வாசலில் நிற்கும் இளைஞர்களுக்கு இவற்றில் எது உதவும் என்பது நம் மலையகத்தில், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் அக்கறையோடு பேசப்பட வேண்டிய விடயம். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஐம்பது ஓவர்தான் வேண்டும். ஆனால் இருபது ஓவரின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைத்துப் பேச விரும்பவில்லை.

இலங்கையின் சுழல்பந்து வீச்சாளர் துனித் வெல்லாலகேயைப் பாருங்கள். 2023 ஜூலையில் இந்தத் தொடரில் இலங்கை ஏ அணிக்கு, அதாவது தேசிய அணிக்கு அடுத்த நிலை அணிக்கு, தலைமை தாங்கி ஐம்பது ஓவர் ஆட்டங்களில் ஆடினார். அதே ஆண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி, ஆர். பிரேமதாச மைதானத்தில், பெரியவர்களின் ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு எதிராகப் பத்து ஓவர் வீசி 40 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். கில், கோலி, ரோகித், ராகுல், பாண்டியா என்று வரிசையாக வெளியேறினார்கள். இருபது வயதுப் பையன். கோலியை அவர் ஒரு மாயப் பந்தால் வீழ்த்திவிடவில்லை. முன்னால் வந்து அடிக்க முடியாமல், பின்னால் சென்றும் ஆட முடியாமல் தடுமாறவைத்து, மிட்விக்கெட்டில் அணித்தலைவர் ஷானகவின் கைக்குப் பந்தை அனுப்பவைத்தார். அந்த ஆட்டத்தில் இலங்கை 41 ஓட்டங்களால் தோற்றது. ஆனாலும் அந்தப் பத்து ஓவர்களை யாரும் மறக்கவில்லை.

பத்து ஓவர் வீசும் உரிமைதான் இந்த ஒப்பீட்டின் மையம். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளருக்குக் கிடைப்பது 24 பந்துகள், ஐம்பது ஓவரில் 60. 24 பந்துகளில் ஒரு சுழல்பந்து வீச்சாளர் முதலில் கற்றுக்கொள்வது அடி வாங்காமல் தப்புவது. வேகமாக, தட்டையாக, கால்களை நோக்கி வீசிவிட்டு ஓவரை முடித்துக்கொள்கிறார். ஐம்பது ஓவரில் 11 முதல் 40 வரையான ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே நான்கு பேரைத்தான் நிறுத்தலாம். எங்கேனும் ஓர் இடைவெளி திறந்தே இருக்கும். அந்த இடைவெளியைக் காட்டித் துடுப்பாட்ட வீரரை அங்கே அடிக்கத் தூண்டி, மூன்று ஓவர் பொறுத்து, நான்காவது ஓவரில் பந்தைச் சற்று மெதுவாக்குவது ஒரு கலை. முத்தையா முரளிதரனின் 534 ஒருநாள் விக்கெட்டுகளில் எத்தனையோ இப்படிப் பொறுத்திருந்து வந்தவை. கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் ஆடி வளர்ந்தவரை மலையகத்தில் எவரிடமும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இங்கேதான் நம் பிள்ளைகளின் கதை வருகிறது. தேயிலைத் தோட்டங்களில் நடப்பவை பெரும்பாலும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகள். ஓர் அணிக்கு ஐந்து ஓவர், ஆறு ஓவர். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு அணிகள் ஆடி முடிக்க வேண்டும், மைதானமோ ஒன்று. அதன் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலை. செடிக்குள் பந்து விழுந்தால் தேடவே நேரம் போய்விடும். அங்கே ஆடும் இளைஞனுக்கு இருபது ஓவர் ஆட்டத்தில் புதிதாகப் பார்க்க அதிகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சிக்ஸர் அடிக்க அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவன் ஒருபோதும் கண்டிராதது ஒரு பந்துவீச்சாளர் தன் எட்டாவது ஓவரில் என்ன செய்கிறார் என்பதும், 30 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட் விழுந்த பின் இருவர் எப்படி இணைப்பாட்டம் கட்டுகிறார்கள் என்பதும்தான். கடினப் பந்துக்கு மாறி மாவட்ட அணி, கழக அணி என்று மேலே போக நினைக்கும் பையனுக்கு வேண்டியது அந்தப் பாடம்.

இருபது ஓவரின் வாதத்தை அதன் வலுவான இடத்திலேயே எடுத்துக்கொள்கிறேன். 2024 ஒக்டோபர் 27இல் நடந்த இறுதியாட்டத்தில் இலங்கை ஏ அணி 133 ஓட்டங்களுக்குள் அடங்கியது. ஆப்கானிஸ்தான் ஏ அணி ஏழு விக்கெட்டுகளால் வென்றது. அதில் கட்டுப்பாட்டோடு வீசி இரண்டு விக்கெட் எடுத்த பதினெட்டு வயது அல்லா கசன்ஃபர், இரண்டு வாரம்கூட ஆகுமுன் ஷார்ஜாவில் பங்களாதேசத்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் 26 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் சாய்த்தார். ஆக, குறுகிய ஆட்டத்திலிருந்தும் நீண்ட ஆட்டத்துக்கு ஆள் வரலாம். 2025 தோஹாவில் பதினான்கு வயது வைபவ் சூர்யவன்ஷி ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக 42 பந்துகளில் 144 அடித்ததையும் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இவர்கள் இருவரும் அபூர்வப் பிறவிகள். எந்த வடிவத்திலும் தெரிந்திருப்பார்கள். ஏ அணித் தொடர் கண்டுபிடிக்க வேண்டியது அவர்களுக்கு அடுத்த நிலையில் இருக்கும், காலம் கொடுத்தால் மட்டும் வெளிப்படும் ஆளை.

துடுப்பாட்டத்தில் இது இன்னும் தெளிவு. 2013இல் பிரிட்டோரியாவில் ஏ அணிகளின் ஐம்பது ஓவர் முத்தரப்புத் தொடரில் இந்திய ஏ அணியின் ஷிகர் தவான் தென்னாபிரிக்க ஏ அணிக்கு எதிராக 248 எடுத்தார். 2023 ஜூலை இறுதியாட்டத்தில் பாகிஸ்தானின் தையப் தாஹிர் 71 பந்துகளில் 108 அடித்து 352 என்ற மலையைக் கட்ட உதவினார். இந்தியா 128 ஓட்டங்களால் தோற்றது. அந்த வேகத்தைப் பாருங்கள். ஐம்பது ஓவர் என்றால் மந்தம் என்பது பழைய எண்ணம். பெத்தும் நிஸ்ஸங்க 2024 பெப்ரவரியில் ஆட்டமிழக்காமல் 210 அடித்து, ஒருநாள் போட்டியில் இரட்டைச் சதம் கண்ட முதல் இலங்கையரானது கண்டிக்கு அருகே உள்ள நம் பல்லேகலை மைதானத்தில்தான்.

ஐம்பது ஓவர் தொடர்களிலும் குறை உண்டு. ஆரம்பத்தில் 23 வயதுக்குட்பட்டோரை மையமாக வைத்து நடந்த போட்டி, 2023இல் தேசிய அணிக்கு ஏற்கெனவே ஆடியவர்கள் தாராளமாக இறங்கும் களமாகிவிட்டது. பாகிஸ்தான் அணியில் முகமது ஹாரிஸ், முகமது வசீம் போன்றோர் இருந்தார்கள். வெல்லாலகேயும் அதற்கு முந்தைய ஆண்டே பல்லேகலையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகமானவர்தான். ஓரிருவர் பரவாயில்லை. பாதி அணியே அப்படியிருந்தால் புதியவனுக்கு இடம் எங்கே? இதற்கு ஓர் எல்லை வைக்க வேண்டும், ஓவர் எத்தனையானாலும்.

பார்ப்பவர்களின் பக்கத்தில் இருபது ஓவர் தெளிவாக வெல்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்து, லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பியவர்களுக்கு மாலை ஆட்டம்தான் கைக்கு எட்டும். காலையில் தொடங்கும் ஐம்பது ஓவர் ஆட்டம் வேலை நாளில் அவர்களுக்கு இல்லாதது போலவே. மழையும் குறுகிய ஆட்டத்தின் பக்கம்தான். அதில் ஒவ்வோர் அணியும் ஐந்து ஓவர் சந்தித்தாலே முடிவு கிடைத்துவிடும், ஒருநாள் போட்டிக்கு இருபது ஓவர் வேண்டும். 2023 செப்டெம்பரில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் பல்லேகலையில் மழையால் பாதியில் நின்றுபோனதை எல்லோரும் பார்த்தோம்.

ஆனால் மைதானத்துக்குப் போய்ப் பார்ப்பது என்று வந்தால் கணக்கு தலைகீழாகிறது. இரவில் முடியும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஹட்டன், மஸ்கெலியா பக்கம் திரும்ப பஸ் கிடையாது. தோட்டப் பிரிவுக்குப் போகும் கடைசி பஸ் மாலையோடு போய்விடும். விடுமுறை நாளில் பகலில் நடக்கும் ஐம்பது ஓவர் ஆட்டமென்றால், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு வந்து, பல்லேகலைப் புற்சரிவில் அமர்ந்து, இரண்டாவது இன்னிங்ஸின் பாதிவரையாவது பார்த்துவிட்டு வீடு சேரலாம். 2023 தொடரின் ஆட்டங்கள் அனைத்தும் கொழும்பு மைதானங்களுக்கே ஒதுக்கப்பட்டன. ஏ அணி ஆட்டங்களுக்குப் பெரும் கூட்டம் வராது என்பதால் செலவைக் குறைத்திருக்கலாம், அது புரிகிறது. கூட்டம் வராத ஆட்டத்தில்தான் பாடசாலைப் பையன்களை எல்லைக்கோட்டின் அருகில் உட்காரவைத்து, விரல்கள் பந்தை எப்படிப் பிடிக்கின்றன என்று காட்டமுடியும் என்பதையும் கிரிக்கெட் சபை யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை இலங்கை இந்தத் தொடரை நடத்தும்போது வடிவத்தை மீண்டும் ஐம்பது ஓவராக்கக் கேட்க வேண்டும். அரையிறுதியும் இறுதியும் கொழும்பிலேயே இருக்கட்டும். குழுநிலையில் இலங்கை ஏ அணி ஆடும் ஒரு சனிக்கிழமை ஆட்டத்தைப் பல்லேகலைக்குக் கொடுத்து, ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பாடசாலை அணிகளுக்கு டிக்கெட் இல்லாமல் கதவைத் திறந்துவிட்டால் போதும்.