வீட்டுக்கும் ஆபீஸுக்கும் சேர்த்து ஒரு காலண்டர்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூகுள் காலண்டரைக் குடும்பத்தோடு பகிர்ந்துகொண்டதால் எங்கள் வீட்டில் வேலை ஒன்றும் குறையவில்லை. என் தலைக்குள் ஓயாமல் ஓடிய நச்சரிப்புதான் குறைந்தது. நேரம் மிச்சமாகும் என்று நம்பி வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

அமைப்பது சுலபம். கூகுளில் குடும்பக் குழு தொடங்கினால் (மொத்தம் 6 பேர் வரை) குடும்பத்துக்கென ஒரு காலண்டர் தானாக வந்துவிடும். ஆபீஸ் காலண்டரை வீட்டில் காட்டுவதுதான் கொஞ்சம் சிக்கல். பல நிறுவனங்களில் வெளியாட்களுக்கு விவரம் தெரியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். 'அந்த நேரத்தில் வேலை இருக்கிறது' என்ற அளவுக்குத் தெரிந்தாலே போதும். என் மீட்டிங்கின் தலைப்பு கணவருக்கு எதற்கு? மகளைக் கூட்டிவர என்னால் போக முடியாது என்பது தெரிந்தால் சரி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பகிர்ந்த காலண்டரில் நினைவூட்டலை அவரவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நான் என் போனில் வைத்தால் அவர் போன் அடிக்காது.

தலை லேசாவது வெறும் பிரமை இல்லை. முடிக்காத வேலை மனதைக் குடைந்துகொண்டே இருக்கும் அல்லவா? எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக முடிவு செய்துவிட்டாலே, வேலை முடியாவிட்டாலும் அந்தக் குடைச்சல் அடங்குகிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். எங்கள் அனுபவமும் அதுதான். 'பல் டாக்டர்' என்று மட்டும் எழுதிய பதிவு வாரக்கணக்கில் உறுத்தும். 'வியாழன் மாலை 6, அப்பா கூட்டிப்போகிறார்' என்று எழுதியதை நான் அப்புறம் நினைப்பதே இல்லை. நாளோடு ஆளையும் எழுத வேண்டும்.

ஆனால் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் எழுதியது நான் ஒருத்திதான். 'காலண்டர்ல போட்டுட்டியா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதே தனி வேலையாகிவிட்டது. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு வீட்டின் மூளை உழைப்பை நான்காகப் பிரிக்கிறது: வரப்போவதை முன்கூட்டியே யோசிப்பது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவைப் பெரும்பாலும் இருவரும் சேர்ந்து எடுக்கிறார்கள்; முதலாவதும் கடைசியும் அதிகம் பெண்கள் தலையில் விழுகின்றன. செயலி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் நாம் எழுதியதைத்தான் நினைவூட்டும். அடுத்த மாதம் என்ன வரப்போகிறது என்று அது யோசிக்காது.

எங்களுக்கு உதவியது செயலிக்கு வெளியே செய்த மாற்றம். பள்ளியிலிருந்து வரும் செய்திகளுக்கு என் எண்ணை எடுத்துவிட்டு அவர் எண்ணைக் கொடுத்தோம். சுற்றறிக்கையைப் படிப்பதிலிருந்து பதிவுபோட்டு முடிப்பதுவரை பள்ளி விஷயம் அவருடையது. என் அம்மாவின் மருத்துவப் பரிசோதனைகள் முழுக்க என்னுடையவை. பாதி பாதியாகப் பிரித்தபோது இருவருமே கண்காணித்துக்கொண்டிருந்தோம்.

குறை என்றால், காலியாகத் தெரியும் நேரத்தை யாரும் விட்டுவைப்பதில்லை. ஆபீஸில் உடனே மீட்டிங் போடுகிறார்கள். வீட்டிலும் அதே கதை. அதனால் வாரத்தில் சில மணி நேரத்தை 'ஆள் இல்லை' என்று நானே அடைத்து வைக்கிறேன். அதிலும் பாதி பறிபோகிறது.

திடீரென்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இந்தத் திட்டமெல்லாம் சரிந்துவிடும். அன்றைக்கு இருவரின் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பது சட்டென்று தெரியும். யார் லீவு போடுவது என்ற பேச்சு மட்டும் இன்னும் நேரில்தான் நடக்கிறது, சில நாள் கொஞ்சம் சத்தமாகவே.