ஸ்டியரிங் பம்ப் போனால் ரிப்பேர் கிட்டா, பழசா, புதுசா?

போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. இலவம்பாடியில் முள்ளு கத்தரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பொய்கையில் அன்று மாட்டுச் சந்தை. சர்வீஸ் ரோடெல்லாம் மாடும் டெம்போவும். ஒரு பெரியவர் காளையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்தார். ஒதுங்கலாம் என்று ஸ்டியரிங்கை ஒடித்தேன். பாதி திரும்பியது, அப்புறம் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் தொங்கி இழுத்துத்தான் வண்டியை ஓரம் கட்டினேன். பிரேக் நன்றாகப் பிடித்ததால் அந்தப் பெரியவருக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என்னுடையது ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள டீசல் பிக்கப். இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் ஒரு பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளித்தான் அதில் ஸ்டியரிங் லேசாகத் திரும்பும். அடுத்த ஒரு மாதத்தில் அதற்கு இரண்டு வழி பார்த்துவிட்டேன். இன்னொரு வழியை மச்சான் வண்டியில் பார்த்தேன். வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பெல்ட், ஆயில் மட்டம், ஹோஸ் கசிவு மூன்றையும் பானெட்டைத் திறந்ததும் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். பெல்ட்டில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். நிறைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு வேக்குவம் கொடுக்கும் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுற்றுகிற வண்டி என்றால், பெல்ட் அறுந்ததும் ஸ்டியரிங்கோடு பேட்டரி விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் பிரேக் பெடலும் மிதிக்க முடியாமல் இறுகும், இன்ஜின் சூடும் ஏறும். அப்படியானால் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

என் வண்டியில் பெல்ட் சரியாக இருந்தது, ஆயிலும் இருந்தது. ஆனால் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் சாம்பல் நிறத்தில் இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தேன். பென்சில் தூள் மாதிரி மினுமினு என்று ரேகைக்குள் ஒட்டிக்கொண்டது.

முதலில் போன ஷெட்டில், "பாக்ஸ் போச்சு தம்பி, இன்னா பண்றது, மாத்திதான் ஆவணும்" என்றார்கள். பாக்ஸ் என்றால் ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்டியரிங் பாக்ஸ். அதை மாற்றுவது பெரிய செலவு. காட்பாடி பக்கம் பம்ப் வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், பிரஷர் கேஜ் வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பாக்ஸா பம்பா என்ற சண்டையை அந்த கேஜ் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிட்டது.

பம்புக்கும் பாக்ஸுக்குப் போகும் ஹோஸுக்கும் நடுவில் கேஜை மாட்டுவார்கள். அதில் ஒரு வால்வு இருக்கும், அதை பாக்ஸ் பக்கம் வரும்படி வைப்பார்கள். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் சூடானதும் வால்வை ஐந்து நொடிக்குள் மூடித் திறக்க வேண்டும். அதற்குமேல் மூடி வைத்தால் நல்ல பம்பும் கெட்டுவிடும். மூடியதும் முள் எகிறினால் பம்ப் உயிரோடு இருக்கிறது. எகிறாவிட்டால் கோளாறு பம்பில். மூடும்போது எகிறி, வால்வைத் திறந்து சக்கரத்தைக் கடைசி வரை ஒடிக்கும்போது மட்டும் இறங்கினால், பாக்ஸுக்குள் ஆயில் கசிகிறது என்று அர்த்தம். எவ்வளவு பார் (பிரஷரை அளக்கும் கணக்கு) வரவேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். என் வண்டிக்கு 80 பார் வாக்கில் வரவேண்டியது 20-ஐத் தாண்டவில்லை.

பம்பைக் கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குட்டி வால்வில் நகக்கீற்று மாதிரி ஒரு இரும்புச் சில்லு சிக்கியிருந்தது. வால்வு திறந்த வாக்கில் மாட்டிக்கொண்டதால், பம்ப் தள்ளின ஆயில் பாக்ஸுக்குப் போகாமல் பம்புக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. அதனால்தான் நேற்று வரை சும்மா இருந்தது திடீரென்று நின்றது. தேய்மானம் மாதக்கணக்கில் நடந்திருக்கும், காலைவாரியது மட்டும்தான் அந்த ஒரு நொடி.

முதல் வழி, ரிப்பேர் கிட். வால்வைக் கழுவி, ஆயில் சீலும் ஓ-ரிங்கும் மாற்றுவது. அண்ணன் பம்புக்குள் பிளேடுகள் உரசிச் சுற்றும் ரிங்கை வெளிச்சத்தில் காட்டினார். உள் சுவரில் அலை அலையாகக் கோடு. "கிட்டுல இந்த ரிங்கும் வராது, பிளேடும் வராது. தாங்காது தம்பி" என்றார். கத்தரிக்காய் சீசன், வண்டி நிற்கக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அன்று சாயங்காலமே வண்டி ஓடியது, ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. 23-வது நாள் அதே கல் திரும்ப வந்தது. இந்த முறை முன்பே முனகல் கேட்டதால் ஓரமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கிட் கெட்டது என்று சொல்லமாட்டேன். ஷாஃப்ட் சீல் வழியாக வெளியே சொட்டுகிற பம்ப், உள்ளே ரிங் கண்ணாடி மாதிரி இருந்தால், கிட் போதும். வேறு செலவே வேண்டாம். ஆயிலில் மினுமினுப்பு இருந்தால் கிட்டுக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, பழைய பம்ப். ஆம்பூரில் இருக்கும் மச்சான் சென்னை புதுப்பேட்டையில் வாங்கிப் போட்டார். புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. எட்டு மாதமாக ஓடுகிறது, குறை ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு வண்டியை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. வாங்கப் போகிறவர்கள் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், நெறநெற என்றால் வைத்துவிடுங்கள். பக்கவாட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். இன்னொன்று, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பம்பில் உள்ளே பிரஷர் வேறாக இருக்கும். கூடுதல் பிரஷர் உள்ளதை மாட்டினால் ஹோஸும் பாக்ஸ் சீலும் அடி வாங்கும். பார்ட் நம்பர் ஒத்துப்போகாமல் வாங்கவே கூடாது.

நான் கடைசியில் போட்டது புதுசு. மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் புதுசு என்பதாலேயே அது நிலைத்து ஓடிவிடாது. ஆயில் ஓடும் லைனைக் கழுவினோமா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் என் கிட் 23 நாளில் போனதற்கு அந்த ரிங் பாதிக் காரணம். மீதிப் பாதி, நான் அவசரப்படுத்தியதில் லைனைக் கழுவாமலே புது ஆயில் ஊற்றியது. பழைய பம்ப் துப்பின தூள் எல்லாம் ஆயில் டப்பாவின் சல்லடையிலும், ஹோஸிலும், பாக்ஸுக்குள்ளும் உட்கார்ந்திருக்கும். புது பம்ப் ஓடிய முதல் நிமிடமே அதையெல்லாம் இழுத்து விழுங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பம்பாக இருந்தாலும் அந்தத் தூளுக்கு முன் ஒன்றுதான்.

இரண்டாம் முறை அண்ணன் நிதானமாகச் செய்தார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டப்பாவைக் கழுவாமல் புதுசே போட்டார், அதன் சல்லடை உள்ளேயே ஒட்டியிருப்பதால் சுத்தம் செய்ய முடியாது. பிரஷர் ஹோஸைக் கழற்றி ஆயில் ஊற்றி அலசி, காற்றடித்து ஊதினார். பிறகு பாக்ஸிலிருந்து டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸை உருவி ஒரு கேனுக்குள் விட்டார், டப்பாவின் அந்த வாயை அடைத்தார். முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கினார். அவர் டப்பாவில் ஆயில் ஊற்ற ஊற்ற, நான் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பினேன். முதலில் இன்ஜின் ஓடாமல், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டார்ட் செய்து நிறுத்தி. டப்பா ஒரு முறையும் வற்றவிடவில்லை, வற்றினால் பம்ப் காய்ந்து ஓடும். கேனில் முதலில் விழுந்தது சாம்பல் கரைசல். இரண்டு லிட்டர் போன பிறகுதான் சிவப்பு வந்தது.

கேனுக்குள் ஒரு காந்தத்தை விட்டு எடுத்தார். கருப்பு மீசை மாதிரி தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. காந்தத்தில் ஒட்டுவது ரிங்கும் பிளேடும் தேய்ந்த இரும்பு. ஒட்டாமல் ஆயிலிலேயே மினுக்குவது பம்ப் உடம்பின் அலுமினியம். என் கேனில் இரண்டுமே இருந்தன.

பிறகு ஹோஸை டப்பாவில் திரும்ப மாட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டு இருபது முறை கோடிக்குக் கோடி திருப்பினோம், உள்ளே மாட்டிய காற்று போக. ஆயில் மோர் மாதிரி நுரைத்தால் இன்னும் காற்று இருக்கிறது, அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். பழைய பம்பின் புல்லியைச் சுத்தியலால் தட்டாமல் புல்லர் வைத்துத்தான் எடுத்தார். புதுசில் மாட்டும்போதும் அப்படியே, ஒரு அடிகூட ஷாஃப்டில் விழவில்லை. விழுந்தால் அது உள்ளே பேரிங்கைத்தான் தாக்கும்.

ஆயிலைப் பொறுத்தவரை டப்பா மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றுகிறவர்களை ஹைவேயில் பார்த்திருக்கிறேன். அது ஸ்டியரிங் சீல்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும், அப்புறம் பாக்ஸ் வரை செலவு வரும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பம்ப், டப்பா, ஆயில், கூலி எல்லாம் சேர்த்து கிட் போட்ட செலவைப்போல நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஆனால் கிட்டோடு இரண்டாம் தடவை வண்டி நின்ற மூன்று நாள் வாடகையையும், கழுவாமல் ஊற்றி வீணாக்கிய ஆயிலையும் சேர்த்தால் அந்த வித்தியாசம் பாதியாகிவிடுகிறது. வாரத்துக்கு ஒருநாள் தோட்டத்துக்குப் போய்வருகிற வண்டி என்றால் கணக்கு வேறு. அவர்கள் நல்ல பழைய பம்ப் போட்டு, லைனை மட்டும் இதே மாதிரி கழுவிக்கொண்டால் போதும் என்றே எனக்குப் படுகிறது.

பாக்ஸ் பற்றி எனக்கு அனுபவம் போதாது. புது பம்ப் போட்டுத் திரும்ப கேஜ் வைத்தபோது வால்வை மூடினால் 80, சக்கரத்தை ஒடித்தால் 75. உள்ளே லேசாகக் கசிகிறது. "இப்போதைக்குத் தொடாதே, ஆயிலை மட்டும் வருஷா வருஷம் மாத்து" என்றார் அண்ணன்.

14,000 கிலோமீட்டர் ஆகிறது. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவிலும் லோடோடு ஏறி இறங்கிவிட்டேன். மாதம் ஒருமுறை டப்பா மூடியில் இருக்கும் குச்சியை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கிறேன். சிவப்பாகத்தான் இருக்கிறது, மினுக்கம் இல்லை.