விடாக் 1, 2, 3: செல்லுக்கு எது இன்றியமையாதது?

செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வைப் பற்றிப் பேச்சு வந்தால் விடாக்-1தான் முன்னால் வந்து நிற்கிறது. மனித உடலில் மூன்று விடாக் (VDAC, மின்னழுத்தத்தைப் பொறுத்து இயங்கும் எதிர்மின் அயனிக் கால்வாய்) புரதங்கள் இருக்கின்றன. மூன்றுமே சவ்வில் துளையிடும் கால்வாய்கள். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி வெளியேறுவதும் குளுக்கோஸ் உடைந்து கிடைக்கும் பைருவேட் உள்ளே நுழைவதும் இவற்றின் வழியே. என் கணிப்பில், பாடநூல்கள் விடாக்-2க்கு உரிய இடத்தைத் தரவில்லை.

விடாக்-1 புகழ்பெற்றதற்கு நியாயம் உண்டு. பெரும்பாலான திசுக்களில் அதுவே மிகுதி. அதன் வடிவம் 2008இல் தெளிவானது: 283 அமினோ அமிலங்கள், 19 பீட்டா இழைகள் வளைந்து உருவான பீப்பாய், துளைக்குள்ளேயே மடிந்திருக்கும் ஒரு ஆல்பா சுருள். குளுக்கோஸைப் பயன்படுத்தும் முதல் படியை நடத்தும் ஹெக்சோகைனேஸ் நொதி இதன்மீது ஒட்டிக்கொள்ளும். புற்றுநோய்ச் செல்கள் இந்த ஒட்டுதலை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன.

ஆனால் மரபணுவை நீக்கிப் பார்த்தால் கதை மாறுகிறது. விடாக்-1 இல்லாத சுண்டெலி பிறந்து வளர்கிறது. விடாக்-2 இல்லாத சுண்டெலியோ கருவிலேயே இறந்துவிடுகிறது. இத்தனைக்கும் இரண்டின் அமினோ அமில வரிசையும் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒன்றே! விடாக்-2இன் முனையில் கூடுதலாக 11 அமினோ அமிலங்கள், சிஸ்டைன் என்ற அமினோ அமிலமும் அதிகம். உயிருக்கு இது ஏன் அவ்வளவு தேவை என்பதற்கு 2003இல் ஒரு முக்கியத் தடயம் கிடைத்தது. செல்லைச் சாகச் செய்யும் பாக் புரதத்தை விடாக்-2 பிடித்துவைத்துக்கொள்கிறது. விடாக்-2 இல்லாத செல்கள் மரணத் தூண்டல்களுக்கு எளிதில் பலியாகின்றன. பின்னால் வந்த ஆய்வுகளோ, பாக் சவ்வுக்கு வந்து சேரவே விடாக்-2 வேண்டும் என்று காட்டின. தடுப்பதும் வரவழைப்பதும் ஒரே புரதம்; இந்த இருமுகத்தைத்தான் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும்.

விடாக்-3 பற்றி நெடுநாள் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தன் விடாக் கால்வாயை இழந்த ஈஸ்ட்டை மனித விடாக்-1ம் 2ம் நன்றாகவே மீட்டன. 3ஆல் அரைகுறையாகத்தான் முடிந்தது. ஆனால் அது இல்லாத ஆண் சுண்டெலிகளுக்கு விந்தணுக்கள் சரியாக நீந்துவதில்லை, அந்தச் சுண்டெலிகள் மலடாகின்றன.

ஆகவே செல்லின் ஆற்றல் கணக்கைப் படிப்பவருக்கு விடாக்-1 போதுமானதாகத் தோன்றலாம். செல் மரணத்தைப் படிப்பவர் விடாக்-2இலிருந்துதான் தொடங்க வேண்டும். விடாக்-1ஐ அடைக்கும் மருந்து என்று யாராவது சொன்னால், அது விடாக்-2ஐத் தொடுகிறதா என்பதே நான் கேட்கும் முதல் கேள்வி.