வயிற்றில் பையோடு கீமோவுக்குச் சென்னை: ரயிலா, ஸ்லீப்பர் பஸ்ஸா, விமானமா?

மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை கீமோவுக்குச் சென்னை போகிறவருக்கு, மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையும் இருந்தால், கட்டணமும் நேரமும் பிறகுதான். பையை எங்கே காலி செய்வது என்பதே முதல் கேள்வி. அதை வைத்துப் பார்த்தால் ராத்திரி ரயில்தான் என் தேர்வு.

பெருங்குடலிலிருந்து வயிற்றில் வழி திறந்து போட்ட பை (கோலோஸ்டமி) என்றால் பெரும்பாலும் நாளைக்கு ஒன்றிரண்டு முறை காலி செய்தால் போதும். எதில் போனாலும் சமாளிக்கலாம். சிறுகுடலிலிருந்து வழி திறந்த இலியோஸ்டமி அப்படியல்ல. மலம் நீர்த்துப்போய் வந்துகொண்டே இருக்கும். நாளைக்கு ஐந்தாறு தடவையாவது காலி செய்ய வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே எழுந்துவிடுவது நல்லது. பாதியைத் தாண்டினால் கனம் கீழே இழுத்து, பையைத் தாங்கித் தோலில் ஒட்டியிருக்கும் பிளேட்டின் ஓரம் தோலைவிட்டுக் கிளம்பிக் கசியும். இரினோடிகான், கேப்சிடபின் போன்ற கீமோ மருந்துகளால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

ஸ்லீப்பர் பஸ் இங்கேதான் தோற்கிறது. ஓட்டுநர் நிறுத்துகிற இடம்தான் கழிவறை. வேறு வழியே இல்லையென்றால் கீழ் பெர்த் எடுங்கள். பிளேட் தனி, பை தனியாக வரும் டூ பீஸ் வகையைப் போட்டுக்கொள்ளுங்கள். நிரம்பிய பையைக் கழற்றி, ஜிப் கவரில் போட்டு மூடி, புதியதை மாட்டிவிடலாம். அறுவை முடிந்து சில வாரங்களே ஆனவருக்கு, மாட்டும்போது வயிற்றில் அழுத்துவது வலிக்கும்.

விமானம் வேகம், காசு கூடுதல். மேலே போனதும் காற்றழுத்தம் குறைவதால் பையிலுள்ள வாயு விரிந்து பை உப்பும். ஏறுமுன் காலி செய்துவிட்டு, அன்று சோடா வகைகளைத் தவிர்த்தால் போதும். கத்தரிக்கோலைக் கைப்பையில் அனுமதிக்காமல் போகலாம். பிளேட்டின் துளையை வீட்டிலேயே ஸ்டோமாவைவிட (வயிற்றில் திறந்திருக்கும் குடல் வாய்) 2 மி.மீ. பெரிதாக வெட்டி வையுங்கள். மாற்றுப் பைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்து போக முடியாது என்பதே இலியோஸ்டமிக்காரருக்குத் தொல்லை.

ரயிலில் எழுந்து பத்தடி நடந்தால் கழிவறை. ஆட்டத்தில் குனிந்து இந்திய வகையில் காலி செய்வது கஷ்டம். மேற்கத்திய வகை இருக்கும் பக்கமாக, கீழ் பெர்த்தாகக் கேளுங்கள். முதலில் கொஞ்சம் டிஷ்யூவைக் கோப்பைக்குள் போட்டால் தெறிக்காது. குழாயை நம்பாமல் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். பையின் வாயைத் துடைத்த பிறகே கிளிப் போடுங்கள். அங்கே மிச்சம் ஒட்டியிருந்தால் ராத்திரி முழுக்க நாறும். பையையும் கையுறையையும் உள்ளே தள்ளினால் பயோ டாய்லெட் அடைத்துக்கொள்ளும். கவரில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

திரும்பும் பயணத்தில் இன்னொரு கவனம் தேவை. கீமோ முடிந்து 48 மணி நேரம்வரை மலத்திலும் சிறுநீரிலும் மருந்து வெளியேறும். காலி செய்ய உதவுகிறவர் கையுறை போட வேண்டும். கழிவறைக் கோப்பைக்கு மூடி இருந்தால் மூடிவிட்டு இரண்டு தடவை ஃப்ளஷ் செய்ய வேண்டும்.

கட்டணத்திலும் ரயிலுக்கே சாதகம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 100% சலுகை, துணைக்கு வருபவருக்கு 75%. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவத்தோடு முன்பதிவு கவுன்ட்டருக்குப் போக வேண்டும். கும்பலும் இருமலும் ரயிலின் குறை. ரத்தத்தில் வெள்ளணு குறைந்து தொற்று எளிதில் பிடிக்கும் வாரத்தில் மாஸ்க் கட்டாயம்.

பலர் செய்யும் தப்பு, பை நிரம்பக் கூடாதென்று தண்ணீரையும் சாப்பாட்டையும் நிறுத்துவது. வெறும் வயிற்றில் வாயுதான் கூடும். இலியோஸ்டமியில் உப்பும் நீரும் சேர்ந்தே போவதால், தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகம் பாதிக்கும். ஏழு மணிக்குள் சோறோ இட்லியோ சாப்பிட்டு, ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டால் மலம் கொஞ்சம் கெட்டிப்படும். வழிக்கு ஒரு லிட்டர் ஓஆர்எஸ் கரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் டிக்கெட்டைப் பற்றி யோசிக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போய், கீமோ நடப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.