60 லிட்டர் ஓடிஜி: தன்னார்வலர்கள் நடத்தும் கஃபேக்குப் போதுமா?

ஒரு நாளைக்கு எண்பது, நூறு பேர் டீ குடிக்க வரும் கஃபே. காலையில் அடுப்படியில் நிற்பவர் வேறு, மதியம் நிற்பவர் வேறு. யாருக்கும் சம்பளம் இல்லை. இந்த மாதிரி இடத்துக்கு வீட்டு உபயோக 60 லிட்டர் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) தாங்குமா? கேக், பிஸ்கட், ரஸ்க் வரைக்கும் நன்றாகவே தாங்கும். நூறு பேருக்குப் பன் என்றால் தாங்காது.

பிராண்டைப் பொறுத்து ரூ.10,000 முதல் ரூ.15,000 வரை ஆகும். பெரும்பாலான மாடல்கள் 2000 வாட். அதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், அதனால் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் ஒயர் சூடாகி உருகலாம். கிரைண்டரும் ஃபிரிட்ஜும் ஓடும் அதே லைனில் கொடுக்காமல் தனி லைன் இழுத்துவிடுங்கள். வாங்கும் முன் வாரண்டி அட்டையையும் படியுங்கள்; வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டி கிடையாது என்று பல அட்டைகளில் இருக்கும்.

60 லிட்டர் என்றதும் ஒரே நேரத்தில் நான்கு டின் வைக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். 9x13 அங்குல டின் ஒரு தட்டுக்கு ஒன்றுதான். அந்த டின்னுக்கான முட்டையில்லாத கேக் அளவு இது: மைதா 375 கிராம், கெட்டித் தயிர் 500 கிராம், பொடித்த சர்க்கரை 350 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 240 மில்லி, பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. தயிரில் சர்க்கரை கரைந்ததும் பவுடரையும் சோடாவையும் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்து எழும். அதன் பிறகு எண்ணெய், கடைசியில் உப்பு சேர்த்துச் சலித்த மைதா. மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கலக்குவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் கேக் ரப்பராகும். 175 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். நன்றாக ஆறிய பிறகு வெட்டினால், துண்டுக்கு 50 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக 24 துண்டு வரும். சூட்டோடு வெட்டினால் பாதி தூளாகப் போகும்.

ஏறக்குறைய நூறு துண்டு வேண்டுமென்றால் நான்கு டின். அதற்காக நான்குக்கும் ஒரேயடியாக மாவு கலந்து வைத்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. காத்திருக்கும் மாவில் சோடாவின் வேலை ஓவனுக்கு வெளியிலேயே முடிந்துவிடும். கடைசி டின் அடையாகத்தான் வரும். மைதாவைச் சலித்துத் தனியாகவும், சர்க்கரை கரைத்த தயிரைத் தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஓவனில் இருப்பது வெளியே வர பத்து நிமிடம் இருக்கும்போது சோடா போட்டால் சரியாக இருக்கும்.

இரண்டு தட்டில் இரண்டு டின் வைத்தால் ஓவனுக்குள் இருக்கும் ஃபேன் ஓட வேண்டும். அப்படியும் மேல் டின் முன்னதாகச் சிவக்கும். 25 நிமிடம் கழித்து மேலதைக் கீழே, கீழதை மேலே மாற்றுங்கள். அதற்கு முன் கதவைத் திறந்தால் நடுப்பகுதி அமுங்கிவிடும். இரண்டு டின் இருக்கும்போது பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். பல்குத்தும் குச்சி சுத்தமாக வெளிவருகிறதா என்பதைத்தான் நம்ப வேண்டும், கடிகாரத்தை அல்ல.

இனி இந்த இயந்திரத்தின் உண்மையான பலவீனம், அதன் குமிழ்கள். காலையில் ஒருவர் சாண்ட்விச் டோஸ்ட் செய்ய மேல் ராடை (சூடேற்றும் கம்பியை) மட்டும் எரியும்படி வைத்துவிட்டுப் போயிருப்பார். மதியம் வருபவர் அதைப் பார்க்காமல் கேக் வைப்பார். மேலே கருகும், அடியில் மாவு மாவாக இருக்கும். டைமரிலும் இதே கதைதான்: ப்ரீஹீட்டுக்கு, அதாவது டின் வைக்கும் முன் ஓவனைச் சூடாக்க, 15 நிமிடம் போவதை மறந்து 40 வைத்தால், கேக் பாதி வெந்த நிலையில் மணி அடித்து எல்லாம் அணைந்துவிடும். பல மாடல்களில் சிவப்பு விளக்கு டைமரோடு சேர்ந்தது. அது எரிவதால் சூடு ஏறிவிட்டது என்று பொருளில்லை. வெப்பக் குமிழில் 175 என்றிருந்தால் உள்ளே 150ம் இருக்கலாம், 200ம் இருக்கலாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே தொங்கவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். அது 175 காட்டும்படி குமிழைத் திருப்பி, அந்த இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. ராடு குமிழுக்கு மேல், கீழ் இரண்டும் எரியும் இடத்தில் இன்னொரு புள்ளி. 'கேக்: சிவப்புப் புள்ளிகள். ப்ரீஹீட் 15. டின் வைத்ததும் டைமரைப் புதிதாக 40' என்று கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. இவ்வளவு செய்துவிட்டால் முதல் நாள் வருபவரும் கெடுக்காமல் எடுத்துவிடுவார். இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த ஓவன் வாங்கினாலும் பயனில்லை.

கூடவே தரும் கறுப்புத் தட்டில் நேரடியாகக் கேக் ஊற்ற வேண்டாம். கறுப்பு சூட்டை அதிகம் வாங்கும், அடி தீயும். அது பிஸ்கட்டுக்கு ஆகும், பத்து டிகிரி குறைத்து வையுங்கள். கேக்குக்கு அலுமினிய டின்தான் நல்லது. கீழ் ராடின் மேல் ஃபாயில் விரிக்கவே கூடாது.

பன் விஷயத்துக்கு வருவோம். 500 கிராம் மைதாவுக்கு 12 பன்தான். நூறு பன்னுக்கு எட்டு, ஒன்பது டின். சென்னை வெயிலில் பிசைந்த மாவு முக்கால் மணி நேரத்தில் பொங்கி நிற்கும். ஓவன் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வரிசையில் காத்திருக்கும் மாவு புளித்துச் சரியும். குளிர்ந்த தண்ணீரும் 500 கிராமுக்கு 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டும் போட்டுத் தள்ளிப்போடலாம். ஆனாலும் தினசரி பன் போடும் எண்ணமிருந்தால் பேக்கரிகளில் இருக்கும் கேஸ் டெக் ஓவனுக்குப் பணம் சேர்ப்பதே சரி.

மீந்த கேக்குக்கு இதைவிட நல்ல சாதனம் இல்லை. விரல் கனத்துக்கு நறுக்கி, 150 டிகிரியில் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, கம்பித் தட்டில் ஆறவிட்டால் கேக் ரஸ்க். ஈரம் முழுக்கப் போயிருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் மொறுமொறுவென்று இருக்கும்.

மூன்று மணி நேரம் ஓட்டினாலும் மின்சாரம் 6 யூனிட்டைத் தாண்டாது. கடையை மூடும்போது சூடான கண்ணாடிக் கதவில் ஈரத்துணி போட வேண்டாம், விரிசல் விடும். ஆறிய பிறகு துடையுங்கள். அடியில் இருக்கும் துகள் தட்டை அன்றன்றே உருவிக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் கேக்கில் தீய்ந்த வாடை வரும்.