பெட்டியில் கொண்டுபோவதா, பார்சலில் வரவழைப்பதா?

வெளிநாட்டில் கிடைக்காத ஊர்ப் பொருளுக்கு இரண்டு வழி: விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் எடுத்துவருவது, அல்லது வீட்டாரை அனுப்பச் சொல்வது. எதற்கு எது என்று பார்ப்போம்.

செலவு
பெட்டி: விமான டிக்கெட்டில் அனுமதித்த எடைக்குள் (பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 23 கிலோ) அடங்கினால் கூடுதல் செலவே இல்லை.
பார்சல்: கூரியரில் உண்மையான எடை, பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடும் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. பொதுவாக நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 40×30×30 பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே 3 கிலோதான் இருந்தாலும் 7.2க்குத்தான் கட்டணம். அதனால் சிறிய பெட்டியில் இறுக்கமாகக் கட்டச் சொல்லுங்கள். இதில் மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

சுங்கம்
பெட்டி: சொந்த உபயோகத்துக்கு ஓரளவு வரிவிலக்கு உண்டு.
பார்சல்: உள்ளே இருப்பதையும் மதிப்பையும் படிவத்தில் எழுத வேண்டும். ‘அன்பளிப்பு’ என்று எழுதினாலே வரி போய்விடாது. விதை, இறைச்சி, பால் பொருட்களைப் பல நாடுகள் இரண்டு வழியிலும் தடுக்கின்றன.

பாதுகாப்பு
பெட்டி: உடைவதை நாமே பார்த்து அடுக்கலாம். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான்.
பார்சல்: பல கை மாறும்.

மருந்து என்றால் யோசிக்கவே வேண்டாம், மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வரட்டும். அந்த நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று முன்பே பார்த்துவிடுங்கள். உடையும் பொருளுக்கும் பெட்டிதான். துணிமணி, அவசரமில்லாத சாமான் எல்லாம் பார்சலில் வரலாம். அப்புறம் புத்தகம்: அச்சுப் பிரசுரங்களுக்கெனக் குறைந்த அஞ்சல் கட்டணம் பல நாடுகளில் உண்டு, அதைக் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள்.