மலை வீட்டு முற்றத்தில் நாள் முழுக்க உட்கார: ஒயர் நாற்காலியா, தேக்கு பெஞ்சா, பிரம்பா?

சமவெளியில் வெளியே போடும் நாற்காலிக்கு எதிரி வெயில். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலில் ஈரம். மழை விட்டால் மூடுபனி, அது விலகினால் ராத்திரிப் பனி. ஆகவே கடையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது: நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காயும்?

மெத்தை வைத்த எதுவும் இதிலேயே தோற்றுவிடும். ஜூலையில் நனைந்த ஃபோம் மெத்தை மேலே காய்ந்தாலும் உள்ளே நாள்கணக்கில் ஈரம் காக்கும், பிறகு நாற்றம். காலை டீயிலிருந்து மதியச் சாப்பாடு வரை எழாதவருக்கு, மெத்தை இல்லாமலே இடுப்பு நோகாத இருக்கை வேண்டும். அந்தக் கணக்கில்தான் இரும்புக் குழாயில் பின்னிய ஒயர் நாற்காலியை எடுத்தோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலி உடனே காயும், ஆனால் குழிவில் தண்ணீர் தேங்கும். உயரத்து வெயிலில் வெளுத்து மாவாக உதிர ஆரம்பித்தால் கால் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. வார்ப்பிரும்பு காலை பத்து மணி வரை ஐஸ்கட்டி. பிரம்பு உட்காரச் சுகம்தான், ஆனால் தாழ்வாரத்தைத் தாண்டி வெளியே வரக்கூடாது: கட்டு போட்ட இடங்களில் ஈரம் தங்கிக் கறுத்து, பூஞ்சை பிடித்துவிடும். செயற்கைப் பிரம்பை இரண்டு மழைக்காலத்துக்கு மேல் வைத்துப் பார்த்ததில்லை. அதுவரை குறை தெரியவில்லை.

தேக்குதான் சரியான போட்டி. சாம்பல் நிறமாவது கெடுதல் இல்லை, பாசியை மட்டும் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும். காலை மண்ணில் ஊன்றாமல் கல்பலகை மேல் நிறுத்த வேண்டும். வெட்டுமுனை வழியாக மரம் தண்ணீரை உறிஞ்சும். இரும்பு ஸ்க்ரூ போட்டால் சுற்றிலும் கறுப்புக் கறை வழியும், எவர்சில்வர் ஸ்க்ரூதான் சரி. எஸ்டேட் சில்வர் ஓக் மலிவாயிற்றே என்று அதில் பெஞ்ச் அடிக்கிறவர்கள் உண்டு. அது வீட்டுக்குள் போட மட்டும். தேக்கின் உண்மையான குறை வேறு: ஒரு மணி நேரத்துக்கு மேல் பலகை பலகையாகவே இருக்கும். தூறல் வந்தால் ஒற்றை ஆளாக உள்ளே தூக்கவும் முடியாது.

ஒயர் உடம்பின் எடைக்கு வளைந்து கொடுக்கும். தண்ணீர் இடைவெளியில் இறங்கிவிடும், ஒரு துணியால் துடைத்துவிட்டு உட்காரலாம். ஆனால் அளவு பார்த்து வாங்க வேண்டும். தரையிலிருந்து இருக்கை 16-17 அங்குலம், ஆழம் 17-18, பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஓர் அங்குலமாவது தாழ்வு. முன் குழாய் கீழ்நோக்கி வளைந்திருந்தால் நல்லது. தளர்ந்த ஒயர் நாற்காலியில் கால் மரத்துப்போவது இந்தக் குழாயால்தான்: ஒயர் தொய்யத் தொய்ய உடம்பு இறங்கும், குழாய் தொடையின் அடியில் ஏறும். நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் ஓர் அங்குலம் இறங்கலாம். இரண்டு அங்குலம் போனால் மறுபின்னலுக்கு நேரம் வந்தாயிற்று.

பராமரிப்பில் கோட்டைவிட்டால் நாற்காலி போய்விடும், அதுவும் வெளியே தெரியாமல். பெயிண்ட் பளபளவென்று இருக்கும். குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மூடியின் இடுக்கிலும் ஸ்க்ரூ ஓட்டையிலும் புகுந்த நீர், காலடி ரப்பர் புஷ்ஷில் போய்த் தேங்குகிறது. ஒருநாள் உட்காரும்போது கால் மடங்கும். வாங்கிய அன்றே ஒவ்வொரு காலின் அடியிலும், புஷ்ஷையும் சேர்த்து 4 மி.மீ. துளை போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் புஷ்ஷைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, துருத்தடுப்பு ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை. ஊட்டிப் பக்கம் இதை மே மாதத்தில் முடிக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி மழைதான் கனம் என்பதால், அங்கே செப்டம்பரில் இன்னொரு தடவை பார்த்துவிடுவது நல்லது. ஒயர் சுற்றிய இடத்துக்கு மறுபின்னலின்போது மட்டுமே பிரஷ் எட்டும். பழைய ஒயரை முழுக்க அறுத்தெடுத்து, பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகே பின்ன விடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் 304 தர எவர்சில்வர் குழாய். விலை கூடும். 202 என்றால் புள்ளிப் புள்ளியாகத் துரு வரும்.

உறைபனிக் காலக் காலையில் பின்னச் சொல்லாதீர்கள். குளிரில் ஒயர் விறைத்து, மடிக்கும் இடத்தில் வெடிக்கும். ஒயர்க் கட்டை வெந்நீரில் போட்டெடுத்தோ, மதிய வெயிலில் வைத்தோ பின்னினால் வளையும். முடிச்செல்லாம் அடிப்பக்கம் குழாயை ஒட்டி விழ வேண்டும். நடுவில் ஒன்று விழுந்தாலும் அரை மணியில் தெரிந்துவிடும்.

இந்த நாற்காலிக்கு மலையில் மட்டும் ஒரு குறை உண்டு. கீழே காற்றோட்டம் என்று சமவெளியில் புகழ்வார்களே, அதே காற்று இங்கே அடியிலிருந்து முதுகைக் குத்தும். ஒரு கம்பளியை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். சாயங்காலம் அதை மறக்காமல் உள்ளே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் அதே மெத்தைக் கதைதான்.